உச்சிக்குழிக்கு அடியில் ஓடும் இரத்தம்

என் மகள் 30-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில், மருத்துவர் இன்குபேட்டரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, வெதுவெதுப்பான ஜெல்லைத் தடவி, கட்டைவிரல் அளவே இருந்த அல்ட்ராசவுண்ட் கருவியை அவளுடைய உச்சிக்குழியின்மேல் அழுத்தாமல் வைத்தார். எலும்பு இன்னும் கூடாத அந்த இடத்தின் வழியாக ஒலியலைகள் தடையின்றி உள்ளே போகும். மடிப்புகள் அதிகம் விழாத ஒரு மூளை சாம்பல் நிறத்தில் திரையில் தெரிந்தது. இரத்த ஓட்டத்தை நிறங்களாகக் காட்டும் டாப்ளரைப் போட்டதும் சிவப்பும் நீலமுமாக இரத்தக்குழாய்கள் துடிக்கத் தொடங்கின. சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததை அவர் பொறுமையாகத் திருத்தினார். கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பாகவும், விலகிப் போகும் ஓட்டம் நீலமாகவும் காட்டப்படுகிறது, அவ்வளவுதான் என்றார்.

அவர் தேடியது இரத்தக்கசிவை. நரம்பணுக்கள் உருவாகும் படுகையொன்று மூளை அறைகளின் ஓரத்தில் இருக்கிறது. அங்குள்ள குழாய்களின் சுவர் மிக மெல்லியது. நிறைமாதம் நெருங்கும்போது அந்தப் படுகை தானாகவே சுருங்கி மறைந்துவிடும், ஆனால் 32 வாரங்களுக்கு முன்பே பிறக்கும் குழந்தைக்கு அது இன்னும் இருக்கிறது. பெரியவர்களின் உடலில் இரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ஓட்டத்தை ஒரே அளவில் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. குறைமாதக் குழந்தையிடம் அது முதிர்ந்திருப்பதில்லை. குழந்தை வீறிட்டு அழுவதால் எழும் அழுத்தம்கூட நேராக அந்த மெல்லிய குழாய்களில் போய் மோதக்கூடும். இத்தகைய கசிவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று நாட்களுக்குள் நிகழ்பவை என்பதால், கசிவு எதுவும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வளரும் மூளையின் இரத்த ஓட்டத்தைப் பற்றி அன்று தொடங்கிய வாசிப்பை இன்னும் நான் விடவில்லை.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பலரும் அறிவார்கள். வளர்ந்தவரின் மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. பிறந்த குழந்தையில் இந்த அளவு அதைவிடக் குறைவு. பிறகு அது விரைந்து ஏறி, சில ஆண்டுகளில் பெரியவர்களின் அளவைத் தாண்டிவிடுகிறது. சார்லஸ் கென்னடியும் லூயிஸ் சோகோலாஃபும் 1957-இல் 3 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளிடம் அளந்தபோது கிடைத்த சராசரி சுமார் 106 மில்லிலிட்டர். மூளை கட்டப்படும் ஆண்டுகளில் எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடுகிறது.

இந்த ஏற்றம் மூளை முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. ஹாரி சுகானியும் மைக்கேல் ஃபெல்ப்ஸும் 1986-இல் பெட் ஸ்கேன் மூலம் குழந்தைகளின் மூளையில் குளுக்கோஸ் செலவாகும் இடங்களைப் படமாக்கினார்கள். முதல் ஐந்து வாரங்களில் தொடு உணர்வையும் அசைவையும் ஆளும் புறணி (மூளையின் மேலடுக்கு), மூளையின் நடுவிலுள்ள தாலமஸ், மூளைத்தண்டு ஆகியவையே ஒளிர்ந்தன. சுமார் மூன்றாம் மாதத்தில் பின்புறத்துப் பார்வைப் பகுதியும் பக்கவாட்டுப் பகுதிகளும் சேர்ந்துகொண்டன. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடல் ஆறு முதல் எட்டு மாதங்களில்தான் எழுந்தது. வளரும் குழந்தையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இராது. விரலைக் கொடுத்தால் இறுகப் பற்றுவதும், கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்புவதும் முதலில்; அசையும் பொருளைக் கண்ணால் தொடர்ந்து கைநீட்டுவது பின்னர்; துணிக்கு அடியில் மறைத்த பொம்மையைத் தேடுவது அதற்கும் பின்னர்.

ஒன்றாக இயங்கும் மூளைப் பகுதிகள் சேர்ந்த வலையமைப்புகளின் வளர்ச்சியும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் செல்கிறது. நாம் எதுவும் செய்யாமல் படுத்திருக்கும்போதும், ஒன்றோடொன்று தொடர்புடைய மூளைப் பகுதிகளில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒரே தாளத்தில் மெதுவாக ஏறி இறங்குவதை பரத் பிஸ்வாலும் அவருடைய குழுவினரும் 1995-இல் காட்டினார்கள். செய்யச் சொன்னதைச் செய்யாத பச்சிளம் குழந்தைகளைப் படிக்க இதைவிட ஏற்ற வழி கிடையாது. பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை மூடி, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் உறங்கவிட்டால் போதும். பார்வை, செவி, அசைவு ஆகியவற்றுக்கான வலைகள் பிறப்பின்போதே அடையாளம் காணும் அளவுக்கு அமைந்திருக்கின்றன. நினைவோடும் தன்னைப் பற்றிய எண்ணத்தோடும் தொடர்புடைய இயல்புநிலை வலையோ அப்போது துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. இரண்டு வயதுக்குள் அது பெரியவர்களுடையதை ஒத்த உருவத்தை எட்டிவிடுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதற்கு அடுத்த செய்தி. இந்தப் படங்கள் எல்லாம் நரம்பணுக்களை நேராகக் காட்டுவன அல்ல. இரத்தத்தைக் காட்டி, அதிலிருந்து நரம்பணுக்களின் வேலையை நாம் ஊகிக்கிறோம். வேலை நடக்கும் இடத்துக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும் என்ற கருத்தை ராயும் ஷெரிங்டனும் 1890-லேயே முன்வைத்தார்கள். வளர்ந்தவரின் மூளையில், ஓரிடம் இயங்கத் தொடங்கிய ஓரிரு நொடிகளில் அங்கே ஓட்டம் பெருகி, தேவைக்கும் அதிகமாகவே ஆக்சிஜன் வந்து சேருகிறது. பச்சிளம் குழந்தையின் மூளையில் இந்தப் பெருக்கு மெதுவாக வருகிறது. சில ஆய்வுகளில் அது தலைகீழாகவும் பதிவாகியிருக்கிறது. அதாவது, நரம்பணுக்கள் கேட்டவுடன் இரத்தத்தை அனுப்பும் பழக்கமே மூளைக்குப் பிறவியில் முழுமையாக அமைந்ததன்று, அதுவும் வளர்ந்தாக வேண்டிய ஒன்று.

எலிக்குட்டிகளில் எலிசபெத் ஹில்மனின் குழு செய்த ஆய்வுகள் இதை இன்னும் நெருக்கமாகக் காட்டின. நரம்பணுக்கள் இயங்குகின்றன, ஆனால் இரத்தம் கூடிவரவில்லை. அதனால் அந்த இடத்தில் சிறிது நேரம் ஆக்சிஜன் குறைகிறது. திசுவில் ஆக்சிஜன் குறைந்தால் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்கள் புதிதாக முளைக்கத் தூண்டுதல் கிடைக்கும் என்பது உடலியலில் நன்கு நிறுவப்பட்ட விதி. அந்தச் சிறு பற்றாக்குறையே அங்கே குழாய்கள் வளரக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. இரத்தக்குழாய்கள் முதலில் போடப்பட்டு, வலைகள் பிறகு அவற்றின்மேல் ஏறிக்கொள்வதில்லை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வளர்கின்றன.

ஆகவே, ஒரு மாதக் குழந்தையின் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு வலை மங்கலாகத் தெரிந்தால், அந்த இணைப்பே மெலிந்திருக்கிறதா, அல்லது இணைப்பு இருந்தும் இரத்தம் அதற்கு ஈடுகொடுக்கவில்லையா என்று கேட்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று நினைக்கிறேன். இரத்தம் எவ்வளவு பாய்கிறது என்பதை, அதிலுள்ள நீரையே காந்தப்புலத்தால் குறியிட்டு, ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல் தனியாக அளக்கும் முறை இன்று உண்டு. வலையின் படத்தையும் இந்த அளவையும் ஒரே உறக்கத்தில் எடுத்து ஒப்பிடுவதே நேர்மையான வழி. மின்னலைகளை நேராகப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. இன்னொரு துணை. என் மகளின் தலையிலும் சில நாட்கள் அந்த மெல்லிய கம்பிகள் ஒட்டப்பட்டிருந்தன. குறைமாதக் குழந்தைகளுக்கே உரிய வகையில், திரையில் நீண்ட அமைதி நிலவும், திடீரென்று அலைகள் கொத்தாகப் பொங்கும், மறுபடியும் அமைதி. ஒவ்வொரு கொத்தும் அடங்கிய பிறகு, அந்த இடத்துக்கு இரத்தம் வந்துசேர்ந்திருக்குமா என்று இன்குபேட்டரின் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.