கீபோர்டு வைத்த டச் போன்

2017இல் வந்த பிளாக்பெர்ரி கீ-ஒன் போனை வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்தால் ஒரு பக்கம் உருகுகிறார்கள், இன்னொரு பக்கம் திட்டுகிறார்கள், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 4.5 இன்ச் டச் ஸ்கிரீன், அதற்குக் கீழே நிஜமான கீபோர்டு, ஸ்பேஸ் பாருக்குள்ளேயே விரல்ரேகை சென்சார். பட்டன்களை அழுத்தாமல் மேலே லேசாகத் தடவினாலே பக்கம் நகரும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆப்பை ஒதுக்கிக்கொள்ளலாம், 'டபிள்யூ'வை அழுத்திப் பிடித்தால் வாட்ஸப் திறக்கிற மாதிரி. பேட்டரியும் 3505 எம்ஏஎச்.

திட்டு எல்லாம் விலைக்குத்தான். வந்தபோது இந்தியாவில் 39,990 ரூபாய், உள்ளே இருப்பதோ ஸ்னாப்டிராகன் 625 என்கிற பிராசசர் சிப். அதே சிப் அப்போது 13 ஆயிரத்துக்குள் கிடைத்த ரெட்மி நோட் 4இலும் இருந்தது, கோபம் வராமல் இருக்குமா?

என்னைக் கேட்டால், கீழே பார்க்காமலே விரல் தானாக எழுத்தைத் தேடிப் போகும் அந்தச் சுகத்துக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். கேம், வேகம் என்பவர்களுக்கு இது சரிப்படாது. 2020 ஆகஸ்ட்டோடு, பிளாக்பெர்ரி பெயரில் இந்தப் போனைத் தயாரித்த டிசிஎல் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டதால் இனி செகண்ட் ஹேண்டுதான், அப்படி வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.