டாங்கிளோடு வந்த மென்பொருளும் பழைய கேசட்டுகளும்

ஜூன் 4

வீட்டிலுள்ள விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றும் வேலையை ஆரம்பித்தாயிற்று. கேசட்டை ஓட்ட விசிஆர், அதிலிருந்து வரும் படத்தைக் கணினிக்கு மாற்றித்தரும் யூஎஸ்பி கேப்சர் டாங்கிள், அப்புறம் கணினி. டாங்கிளோடு ஒரு எடிட்டிங் மென்பொருளும் இலவசமாக வந்தது. பதிவு பட்டனை அழுத்தினால் படம் ஓடுகிறது, கோப்பு தயாராகிறது. படத்தின் அளவு, கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), ஃபீல்டு வரிசை (படத்தின் பாதிக் கோடுகளில் எது முதலில் வரும் என்பது) எதையுமே அது கேட்கவில்லை. கேட்காமலே என்ன முடிவு செய்தது என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஜூன் 5

கோப்பின் விவரத்தைத் திறந்தேன். எம்பெக்-4, 640 × 480, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் இல்லை. மனசு ஆறவில்லை.

என் கேசட்டுகள் பிஏஎல் என்ற டிவி முறையில் பதிவானவை. மொத்தம் 625 கோடு, அதில் படமாகத் தெரிவது 576. ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டாகப் பிரிந்திருக்கும்: முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படைக் கோடுகள். இதற்குத்தான் இன்டர்லேஸ் என்று பெயர். அதாவது கேமரா அசைவை நொடிக்கு 50 முறை பார்த்திருக்கிறது. குழந்தை ஓடிவருவது இயல்பாகத் தெரிவதற்கு அந்த ஐம்பதும் வேண்டும். இந்த மென்பொருளோ பதிவாகும்போதே இரண்டிரண்டு ஃபீல்டைக் கலந்து 25 ஆக்கிவிட்டு, 576 கோட்டையும் 480-க்குச் சுருக்கிவிடுகிறது.

இன்டர்லேஸை நீக்குவது தப்பில்லை, இன்றைய திரைகளுக்கு நீக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைப் பின்னால் நிதானமாகச் செய்யலாம். ஏவிசின்த் என்ற வீடியோ மென்பொருளில் ஓடும் க்யூடிஜிஎம்சி என்ற நிரல் மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டு 50 முழு ஃபிரேம்களைக் கட்டிக் கொடுக்கும். அதற்கு மூல ஃபீல்டுகள் கையில் இருக்க வேண்டும். பதிவிலேயே கலந்துபோனதை எந்தக் கருவியாலும் பிரித்தெடுக்க முடியாது.

ஜூன் 6

சரி, ஏன் இப்படிச் சுருக்குகிறார்கள்? இடம்தான் காரணம். 720 × 576 அளவில், ஒரு புள்ளிக்கு 2 பைட் வீதம் சுருக்காமல் எழுதினால் நொடிக்கு ஏறக்குறைய 20.7 எம்பி, மணிக்கு 75 ஜிபி. ஹார்ட்டிஸ்க் சின்னதாக இருந்த காலத்தில் இது யாருக்கும் கட்டுப்படியாகாது. இன்று நிலைமை வேறு. ஹஃப்யுவ், லகாரித் மாதிரி இழப்பில்லாக் கோடெக்குகள் ஒரு துளித் தரமும் போகாமல் இதை நன்றாகக் குறைத்துவிடும். ஆவணக் காப்பகங்கள் எஃப்எஃப்வி1 என்ற இதே வகைக் கோடெக்கைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான்.

விஎச்எஸ் படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் அதிகம். குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்குக் கொஞ்சமான தரவில்) சுருக்கும்போது கோடெக் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டி, முகங்களுக்குத் தர வேண்டிய பிட்டுகளை அதற்கே செலவழித்துவிடுகிறது. இருட்டான காட்சிகள் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

ஜூன் 9

பெரிய குறை இன்றுதான் பிடிபட்டது. ஒரு நீளமான கேசட்டின் தொடக்கத்தில் பேச்சும் உதடும் ஒன்றாகப் போகின்றன, கடைசியில் பேச்சு தெளிவாகவே விலகி நிற்கிறது.

காந்த நாடாவிலிருந்து வரும் ஒவ்வொரு கோடும் துல்லியமான நேரத்தில் வருவதில்லை. நாடா தேய்ந்திருந்தால், கோடும் ஃபிரேமும் தொடங்கும் நேரத்தைக் குறிக்கும் ஒத்திசைவுத் துடிப்பு சில இடங்களில் காணாமலே போகும். அந்த இடத்தில் டாங்கிள் ஃபிரேமைத் தவறவிடுகிறது, ஒலி மட்டும் தன்பாட்டுக்கு ஓடுகிறது. 25 ஃபிரேம் போனால் ஒரு நொடி விலகல். எத்தனை போயிற்று என்று மென்பொருள் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இழப்பு நடக்கட்டும், அதை மறைக்கக் கூடாது.

விர்ச்சுவல்டப் என்ற வேறொரு கேப்சர் மென்பொருளில் அதே கேசட்டை ஓட்டினேன். தவறிய ஃபிரேம், செருகிய ஃபிரேம் இரண்டின் எண்ணிக்கையும் ஓரத்திலேயே தெரிகிறது. எண் ஏறும் இடத்தில் நிறுத்தி, நாடாவைக் கொஞ்சம் பின்னோட்டி மறுபடி எடுக்கலாம்.

ஜூன் 10

வீட்டுக் கேமராவில் எடுத்த கேசட்டுக்கு "காப்புரிமைப் பாதுகாப்பு உள்ளது" என்று சொல்லிக் கூடவந்த மென்பொருள் பதிவை நிறுத்திவிட்டது! கடைக் கேசட்டுகளில் நகலெடுப்பதைத் தடுக்கப் படத்துக்கு வெளியே உள்ள கோடுகளில் சில துடிப்புகளை வைப்பார்கள். தேய்ந்த நாடாவின் தடுமாற்றத்தையும் இது அப்படியே எண்ணிக்கொள்கிறது.

ஜூன் 13

வெளிச்ச அளவு. 0 முதல் 255 வரையிலான அளவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்பது வீடியோவின் கணக்கு. நாடாவில் வெள்ளை பல நேரம் அதைத் தாண்டும். எல்லைக்கு மேல் போனது வெட்டுப்பட்டால் வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் போயே போச்சு. கூடவந்த மென்பொருளில் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) கிடையாது, கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வைக்க வேண்டும். விர்ச்சுவல்டப்பில் ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டே பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் சரிசெய்தேன். கேசட்டுக்குக் கேசட் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஜூன் 17

விசிஆருக்கும் டாங்கிளுக்கும் நடுவில் ஒரு டிவிடி ரெக்கார்டரை வைத்தேன். பதிவு செய்ய அல்ல, சிக்னல் அதன் வழியாகப் போய்வர மட்டும். சில ரெக்கார்டர்கள் உள்ளே வரும் சிக்னலின் நேரத்தைச் சீராக்கி வெளியே அனுப்பும். இதுவும் அனுப்புகிறது: விர்ச்சுவல்டப்பில் தவறிய ஃபிரேம் எண்ணிக்கை அசையவே இல்லை, படத்தில் நேராக இருக்க வேண்டிய கதவு நிலை நெளிவதும் குறைந்திருக்கிறது.

நியாயமாக இருக்கட்டும் என்று கூடவந்த மென்பொருளிலும் இதே ஏற்பாட்டில் ஒரு முறை எடுத்தேன். ஒலி கடைசிவரை விலகவில்லை. கோப்பு மட்டும் அதே 640 × 480, அதே கலந்த ஃபீல்டுகள்.

அந்த மென்பொருளை நீக்கப் போவதில்லை. வெட்டி ஒட்டவும் தலைப்பு போடவும் வசதியாகத்தான் இருக்கிறது. கேப்சர் வேலையை மட்டும் இனி அதற்குத் தரமாட்டேன். ஏற்கெனவே அதில் எடுத்தவற்றை, நாடா இன்னும் ஓடும் நிலையில் இருக்கும்போதே மறுபடி எடுக்க வேண்டும். அதிகம் தேய்ந்ததிலிருந்து ஆரம்பம்.