மெப்ல கோடு இருந்தா ஓடலாமா?

மட்டக்களப்புக் குடும்பிமலைப் பக்கம் ஜீப்பக் கொண்டு போக எந்தக் கிறவல் ரோட்டு நல்லம் எண்டு கேக்கிற ஆக்கள், கூகுள் மெப்போட நிக்காம ஆக்கள் தாங்களே சேந்து வரையிற ஓபன்ஸ்ட்ரீட்மெப்பையும் பாருங்க, ஓஸ்மாண்ட் அப்ல இறக்கி வெச்சா சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யும். அதுல ட்ராக் எண்டு போட்டிருக்கிறதுதான் ட்ரக்டர் ஓடுற பாதை, கிரேட் 1 எண்டா இறுகின தரை, 5 எண்டா வெறும் மண்ணு, மாரியில அது உழுத வயல் மாதிரித்தான்.

ஆனா கோடு இருக்கு எண்டதுக்காக உள்ள உடேலா மச்சான். மதுறு ஓயா, லாகுகல, கல் ஓயா எல்லாம் தேசியப் பூங்கா, அந்த எல்லைக்குள்ள அனுமதி எடுக்காமப் போனா சட்டப்படி குத்தம். ஓபன்ஸ்ட்ரீட்மெப்ல பாதைக்கு அக்சஸ் எண்டு ஒரு குறிப்பு போடலாம், ஆரு போகலாம் எண்டதுக்கு, அதுல பிரைவேட், நோ எண்டு கிடந்தா திரும்பிருங்க, நம்மட பக்கம் முக்காவாசிக்கு ஒருத்தரும் நிரப்பல்ல, வெறுமையா இருந்தா அனுமதி எண்டு அர்த்தமில்ல.

கூகுள் ஏர்த்ல பழைய படங்கள மாத்தி மாத்திப் பாத்தா மாரிக்கு எது தண்ணிக்குள்ள போகுது எண்டு விளங்கும். மறுகா அந்த இடத்து வட்டவிதானையிட்ட, வயலுகளுக்குப் பொறுப்பா இருக்கிறவர்ட்டக் கேளுங்க, யானை வேலிக் கேட்ட எப்ப பூட்டுற எண்டு அவருக்குத்தான் தெரியும்.