சட்டம் யாரை நெருக்குகிறது, தின்பவரையா தயாரிப்பவரையா?

டென்மார்க் 2003-இல் ஒரு விதி கொண்டுவந்தது: ஆலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, உணவிலுள்ள ஒவ்வொரு 100 கிராம் கொழுப்பிலும் 2 கிராமைத் தாண்டக் கூடாது. அதே நாடு 2011 அக்டோபரில், 2.3 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், சீஸில் நிறைய இருப்பது) உள்ள பொருள்களின் மீது, அந்தக் கொழுப்பில் கிலோவுக்கு 16 குரோனர் வீதம் வரி போட்டது. முதல் விதியின் 2 கிராம் வரம்பு இன்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இருக்கிறது. இரண்டாவது 15 மாதத்தில் ரத்தாகிவிட்டது.

"என் தட்டில் அரசுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்களும், எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்பவர்களும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டிரான்ஸ் கொழுப்பை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. திரவ எண்ணெயைப் பகுதியளவு ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கும்போது அது உண்டாகிறது. அப்படிச் செய்த எண்ணெய் சீக்கிரம் காறாது, மலிவு, பிஸ்கட்டுக்கும் மொறுமொறுப்பு வரும். ஆதாயம் ஆலைக்கு, கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும் வேலை மட்டும் தின்பவர் உடம்புக்குள் நடக்கும். அதை எடுத்துவிட்டால் யாருடைய விருப்பமும் பறிபோவதில்லை. வெண்ணெயும் சீஸும் அப்படியல்ல. அவற்றை மக்கள் தெரிந்தே வாங்குகிறார்கள். கொழுப்பை எடுத்துவிட்டால் வெண்ணெயில் மிச்சம் என்ன இருக்கும்? தயாரிப்பவரால் செய்முறையை மாற்ற முடியாததால் வரி நேராக விலையில் ஏறியது. மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனியிலும் சுவீடனிலும் வாங்கி வந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கொழுப்புக் கணக்கு எழுதுவது நிறுவனங்களுக்குத் தனித் தலைவலி.

லேபிளில் போட்டால் போதாதா, படித்துப் பார்த்து அவரவர் முடிவு செய்யட்டுமே என்று கேட்கலாம். அமெரிக்க லேபிள் விதியில் ஒரு பரிமாறலுக்கு, அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு, 0.5 கிராமுக்குக் குறைவாக டிரான்ஸ் கொழுப்பு இருந்தால் '0' என்றே அச்சிடலாம். 0.4 கிராம் உள்ள பிஸ்கட்டை ஐந்து பரிமாறல் தின்றால் 2 கிராம். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவே சுமார் 2.2 கிராம்தான். லேபிளை ஒழுங்காகப் படித்தவரும் ஏமாறுவார்.

சர்க்கரை பானங்களுக்கான வரியில் வடிவமைப்புதான் எல்லாம். மெக்சிகோ 2014-இல் லிட்டருக்கு 1 பெசோ என்று ஒரே விகிதமாகப் போட்டது. 100 மில்லியில் 6 கிராம் சர்க்கரை இருந்தாலும் 11 கிராம் இருந்தாலும் அதே 1 பெசோ. வாங்குபவர் யோசிப்பார், ஆலைக்கு அளவைக் குறைக்கக் காரணமில்லை. பிரிட்டன் 2018 ஏப்ரலில் படிப்படியாகப் போட்டது: 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழ் வரியே இல்லை, 5 முதல் 8-க்குள் லிட்டருக்கு 18 பென்ஸ், 8-ம் அதற்கு மேலும் 24 பென்ஸ். அரை லிட்டர் புட்டியில் 100 மில்லிக்கு 10 கிராம் இருந்தால் அன்றைய வீதத்தில் வரி 12 பென்ஸ், 4.9-க்கு இறக்கினால் பூஜ்யம். அறிவிப்பு வந்தது 2016-இல். அமலுக்கு முந்தைய இரண்டு ஆண்டில் பல நிறுவனங்கள் செய்முறையை மாற்றிவிட்டன. வரி வசூலாகாமல் போவதே இந்த வரியின் வெற்றி. நிதி அமைச்சர்களுக்கு இது கசக்கும். குறையும் உண்டு: சர்க்கரை போன இடத்துக்குச் செயற்கை இனிப்பூட்டி வந்தது, நாக்கின் இனிப்புப் பழக்கம் அப்படியே இருக்கிறது.

நியூயார்க் நகரம் 16 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 473 மில்லிக்கு, மேற்பட்ட சர்க்கரை பானக் கோப்பைகளைத் தடுக்கப் பார்த்தது. இரண்டு சின்னக் கோப்பை வாங்க எந்தத் தடையும் இல்லை, பல கடைகளுக்கு விதியே பொருந்தாது. 2014-இல் மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றம் தள்ளியதும் தனிமனித உரிமைக்காக அல்ல. சுகாதார வாரியம் தன் அதிகார எல்லையை மீறியது என்பதற்காக.

சிலி 2016 முதல் பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'சர்க்கரை அதிகம்', 'சோடியம் அதிகம்' என்பதுபோல் கறுப்பு எண்கோண முத்திரை கேட்டது. அந்த முத்திரை வாங்கிய பொருளில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் போடக் கூடாது, பள்ளியிலும் விற்கக் கூடாது. இது சரியென்றே நினைக்கிறேன். விவரம் தெரிந்து முடிவெடுக்கும் பெரியவரை அது தடுக்கவில்லை, தூரத்திலிருந்தே தெரியும்படி சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் போய் 'சொந்த விருப்பம்' என்று பேச முடியாது. பின்பக்கத்துப் பொருள் பட்டியல் இந்த வேலையைச் செய்யாது. அதில் எடை அதிகமானது முதலில் வரும் என்பதால், சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று இனிப்பைப் பல பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும்.

உப்பு விஷயத்தில் என் சாய்வு கட்டுப்பாட்டின் பக்கமே. லேபிளில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பு வரும். குறைவாக இருந்தால் மேஜையில் தூவிக்கொள்ளலாம். ரொட்டிக்குள் போன உப்பை யாராலும் எடுக்க முடியாது. தென் ஆப்பிரிக்கா 2016-இல் ரொட்டியில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்று வரம்பு வைத்து, 2019-இல் 380 ஆக்கியது. ஒரேயடியாக வெட்டினால் சப்பென்று இருக்கிறது என்று மக்கள் ஒதுக்குவார்கள். மெல்ல இறக்கினால் நாக்கு பழகிக்கொள்ளும். ஆலைக்கும் அவகாசம் தேவை. ரொட்டி மாவில் உப்பு ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுகிறது, பதப்படுத்திய இறைச்சியில் கிருமியைத் தடுக்கிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரே வரம்பு வைத்தால் ஒன்றில் மாவு கட்டுக்கடங்காமல் பொங்கும், இன்னொன்று அலமாரியிலேயே கெட்டுப்போகும்.