காரணத்தை எழுதக் கற்றுக்கொண்ட ஆண்டு

பாளையங்கோட்டையில் தமிழ்வழியில் பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்த நிலையில், அம்மாவுக்கு நியூ ஜெர்சியில் செவிலியர் பணி கிடைத்ததால், 2023ஆம் ஆண்டு ஜூலையில் நாங்கள் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தோம். செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்பில் சேரவேண்டிய எனக்குப் பள்ளியில் எழுந்த முதல் சிக்கல், எந்தக் கணிதப் பாடத்தை எடுப்பது என்பதுதான்.

இங்கு உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிப்பதற்கு அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்ற பாடவரிசை இருக்கிறது. காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் அதற்குத் தேர்வு நடத்தி, 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. அதில் நுண்கணிதத்துக்கு ஏபி, பிசி என்று இரண்டு பாடங்கள். (பாடவரிசையின் பெயரைச் சுருக்கித் தமிழில் எழுதினால் அதுவும் ஏபி என்றே ஆகிவிடுவதால், இக்கட்டுரையில் ஏபி என்பது நுண்கணிதத்தின் முதல் பாடத்தை மட்டுமே குறிக்கும்.) பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் முதல் எட்டு ஏபிக்கு உரியவை. பிசி எடுப்பவர்கள் அந்த எட்டையும், துணையலகுச் சமன்பாடுகளும் துருவ ஆயத்தொலைவுகளும் அடங்கிய ஒன்பதாம் அலகையும், முடிவிலாத் தொடர்களைப் பற்றிய பத்தாம் அலகையும் படிக்க வேண்டும். பகுதித் தொகையிடல், முறையற்ற தொகைகள் போன்று முந்தைய அலகுகளுக்குள்ளேயே பிசிக்கு என்று கூடுதலாக வருபவையும் உண்டு.

என் மதிப்பெண் பட்டியலில் 'கணிதம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. இயற்கணிதம், வடிவியல், முன்நுண்கணிதம் என்று ஆண்டுக்கு ஒரு பெயராகப் பார்த்துப் பழகிய பள்ளி ஆலோசகர், நான் முன்நுண்கணிதம் படிக்கவில்லை என்று முடிவுசெய்து அந்த வகுப்பிலேயே என்னைச் சேர்த்துவிட்டார். அம்மா இரவுப் பணி முடித்த கையோடு பள்ளிக்கு வந்து, என் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் இரண்டாம் தொகுதியை நுண்கணித ஆசிரியையின் மேசைமேல் வைத்தார். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாத அந்த ஆசிரியை, எல்லை, வகையிடல், தொகையிடல் என்று வரிசையாக வந்த சமன்பாடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தபின், மறுநாள் எனக்கு ஒரு மணிநேரத் தேர்வு வைத்து, பிசி வகுப்பில் சேர்த்துக்கொண்டார். வேறு நாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மதிப்பெண் பட்டியலை மட்டும் நம்பாமல் பாடநூலையும் கையோடு கொண்டு வாருங்கள்.

முதல் ஆறு வாரங்கள் எனக்கு எளிதாகவே கழிந்தன. சங்கிலி விதியும் உட்படு சார்பின் வகையிடலும் நான் முன்பே போட்டுப் பழகிய கணக்குகள். ஆகவே அக்டோபரில் முதல் பெரிய தேர்வுத்தாள் திரும்பி வந்தபோது, விடைகள் ஏறக்குறைய எல்லாம் சரியாக இருந்தும் பாதிக்குச் சற்று மேலான புள்ளிகளே கிடைத்திருந்ததைக் கண்டு திகைத்துப் போனேன்.

அந்தத் தாளில் இருந்த ஒரு கேள்வி இன்னும் நினைவில் நிற்கிறது. ஒரு சார்பினுடைய முதல் வகைக்கெழுவின் வரைபடத்தைக் கொடுத்து, மூலச் சார்புக்கு இடஞ்சார்ந்த பெருமம் எங்கே உள்ளது, ஏன் என்று கேட்டிருந்தார்கள். இடத்தைச் சரியாகக் குறித்திருந்தேன். காரணமாக, 'அது மிகையிலிருந்து குறைக்கு மாறுகிறது' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அந்த 'அது' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'எது?' என்று ஆசிரியை கேட்டிருந்தார். மாறுவது சார்பா, முதல் வகைக்கெழுவா, இரண்டாம் வகைக்கெழுவா என்பதை என் வாக்கியம் சொல்லவில்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டே, 'மிகையிலிருந்து குறைக்கு மாறுவதால் பெருமம்' என்று இயல்பாக எழுதிவிடலாம். நானும் அப்படியே நினைத்து, ஆங்கிலத்தில் எழுவாய் வேண்டுமே என்று ஓர் 'அது'வைச் சேர்த்திருந்தேன். ஆனால் குறை மொழியில் மட்டும் இல்லை. மாறுவது எது என்று அன்று யாராவது தமிழில் கேட்டிருந்தாலும், சற்றே தயங்கித்தான் பதில் சொல்லியிருப்பேன்.

வேறு இரண்டு இடங்களிலும் இதே வகையில் புள்ளிகள் போயிருந்தன. சராசரி மதிப்புத் தேற்றத்தைப் பயன்படுத்திய நான், அதற்கு வேண்டிய நிபந்தனைகள் நிறைவேறியுள்ளன என்பதை, அதாவது சார்பு மூடிய இடைவெளியில் தொடர்ச்சியானது, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கது என்பதை எழுதவே இல்லை. இடைவெளி முழுவதற்குமான மீப்பெரு மதிப்பைக் கண்டபோது, முனைப்புள்ளிகளில் சார்பின் மதிப்பை ஒப்பிட்டுக் காட்டவில்லை. இதற்கு நேர்மாறாக, விடையைச் சுருக்குவதற்கு அரைப்பக்கம் செலவிட்டிருந்தேன். ஊரில் அது கட்டாயம். இங்கோ விரிவான விடை எழுதும் பகுதியில் எண்களைச் சுருக்காமல் அப்படியே விடலாம், சுருக்கும்போது தவறினால் அதுவரை சரியாக இருந்த விடைக்கான புள்ளியும் போய்விடும்.

அதன்பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். கணக்கைத் தொடுவதற்குமுன், ஒரு தனி நோட்டில், ஏன் இந்த முறை இங்கே செல்லும் என்பதைத் தமிழில் முழு வாக்கியமாக, எழுவாயோடு எழுதுவேன். பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதுவேன். 'முதல் வகைக்கெழுவானது இந்தப் புள்ளியில் மிகையிலிருந்து குறைக்கு மாறுவதால், சார்பு அதற்குமுன் ஏறி அதற்குப்பின் இறங்குகிறது' என்று எழுதி முடிக்கும்போது, சூத்திரமாக மட்டும் தெரிந்திருந்த ஒன்று கண்முன் நடக்கும் நிகழ்ச்சியாகவே மாறியது. நேரம் அதிகம் பிடித்தது. டிசம்பர் வரை வகுப்பில் நான் பின்தங்கியே இருந்தேன். ஆனாலும் அந்த நோட்டு இல்லாவிட்டால் பத்தாம் அலகில் நான் நிச்சயம் தோற்றிருப்பேன்.

முடிவிலாத் தொடர்கள் தேர்வில் ஏறத்தாழ 17 முதல் 18 விழுக்காடு வரை இடம்பெறும் பகுதி. அங்கே கணக்கிடுவதற்குக் குறைவாகவும் வாதிடுவதற்கு அதிகமாகவும் இருக்கிறது. உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குவதாலேயே தொடர் ஒருங்கிவிடாது, அதாவது அதன் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கிவிடாது என்பதை, 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடர் முடிவின்றி வளர்வதைக் கண்டபிறகுதான் உண்மையாக நம்பினேன். அதே உறுப்புகளுக்குக் கூட்டலும் கழித்தலுமாக மாறிமாறிக் குறி கொடுத்தால் தொடர் ஒருங்குகிறது. அடுக்குத் தொடருக்கு விகிதச் சோதனையால் ஒருங்கும் இடைவெளியைக் கண்டபின்னும், இரு முனைகளிலும் அச்சோதனை எதையும் சொல்லாது என்பதால், ஒவ்வொரு முனையையும் தனியே ஆராய வேண்டும். லெக்ராஞ்சியின் பிழை வரம்பு எங்கள் வகுப்பில் பலரை அழவைத்தது; என்னை ஈர்த்ததும் அதுதான். தோராயமான விடையைத் தருவதோடு நில்லாமல், அது உண்மை மதிப்பிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கும் என்று உறுதி கூறவும் முடிகிறது என்பதே எனக்குப் புதிது.

பிப்ரவரியில் ஒருநாள் 1 − 1/3 + 1/5 − 1/7 என்ற தொடர் பை மதிப்பில் நான்கில் ஒரு பங்கைத் தருகிறது என்று படித்தோம். மாறுகுறித் தொடரின் பிழை, விட்டுவிட்ட முதல் உறுப்பை மிஞ்சாது என்ற விதியை வைத்துக் கணக்கிட்டால், பையின் மதிப்பில் 0.001க்கும் குறைவான பிழையை உறுதிசெய்ய 2000 உறுப்புகள் வேண்டும். பாடநூல் அதை லைப்னிட்ஸின் தொடர் என்றது. வீட்டுக்கு வந்து தேடியபோது, லைப்னிட்ஸுக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கேரளத்தின் கணித அறிஞர் மாதவர் இதை அறிந்திருந்தார் என்பதும், அவர் வழிவந்தவர்கள் இத்தனை உறுப்புகளைக் கூட்டாமலே நல்ல மதிப்பைப் பெறத் திருத்த உறுப்புகளையும் தந்திருந்தார்கள் என்பதும் தெரிந்தன. அவற்றுக்கான விளக்கங்களை 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் சமஸ்கிருதத்தில் அல்லாமல் மலையாளத்தில் எழுதினார். அந்நூலின் பெயர் யுக்திபாஷா. விதிகளைச் சொல்வதோடு நில்லாமல் அவற்றின் காரணங்களையும் ஒருவர் தம் மொழியில் எழுதிவைத்திருக்கிறார் என்ற செய்தி, என் நோட்டைப் பற்றி எனக்கிருந்த கூச்சத்தை முற்றிலும் போக்கியது.

மார்ச் முதல் பழைய கேள்வித்தாள்கள்தான். விரிவான விடைக்குரிய கேள்விகளையும் அவற்றுக்குப் புள்ளி வழங்கும் முறையையும் காலேஜ் போர்டே வெளியிடுவதால், தனிப்பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டாமல் நானே எழுதி நானே திருத்தினேன். 2024 மே மாதத் தேர்வு 3 மணி 15 நிமிடம் நடந்தது: தெரிவு வகையில் 45 கேள்விகள், விரிவான விடைக்கு 6 கேள்விகள், இரண்டுக்கும் சம மதிப்பு. வரைபடக் கால்குலேட்டரை 15 தெரிவுக் கேள்விகளுக்கும் 2 விரிவான கேள்விகளுக்கும் மட்டுமே பயன்படுத்தலாம். தெரிவுப் பகுதியில் நேரம் போதாமல் நான்கைந்து கேள்விகளுக்கு ஊகித்தே விடையளித்தேன். தொடர் பற்றிய கடைசிக் கேள்வியை மட்டும் அவசரப்படாமல் எழுதினேன்.

ஜூலையில் மதிப்பெண் வந்தது: 4. ஏபி பகுதிக்கு என்று தனியாகத் தரப்படும் உள்மதிப்பெண் 5. நான் சேர்ந்த கல்லூரி, இதைக்கொண்டு முதல் பருவ நுண்கணிதத்திலிருந்து மட்டுமே விலக்கு அளித்தது. கல்லூரிக்குக் கல்லூரி இந்த விதி மாறுபடும். இரண்டாம் பருவத்தில் தொடர்களை மறுபடியும் படித்ததில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பிசி எடுப்பதைப் பிள்ளையின் அறிவுக்குச் சான்றாகவே பலர் கருதுகிறார்கள். ஏபி என்று சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடுகிறது. இது தவறு என்பதே என் எண்ணம். நான் நேரடியாகப் பிசிக்குப் போக முடிந்ததற்குக் காரணம், பாதிப் பாடத்தை ஊரிலேயே ஓராண்டு படித்திருந்ததுதான். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் என் தம்பியிடம், இந்த ஆண்டு ஏபி, அடுத்த ஆண்டு பிசி என்று பிரித்து எடுக்கச் சொன்னேன். அம்மாவும் அதற்கு ஒப்புக்கொண்டார். நேற்றிரவு அவன் தன் வீட்டுப்பாடத்தைப் பார்த்துத் தரச் சொன்னான். விடைகள் அனைத்தும் சரி. மூன்று இடங்களில் இருந்த 'அது'வை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.