ஒன்பது நாள் மிச்சம்: பட்டியலை விட்டுப் போன இரண்டு கம்பெனிகளும் நானும்

அப்பாவின் பங்குகளைக் கம்பெனிக்காரர்களிடமே விற்க இருந்த கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்னால், அவற்றை மாற்றிக் கொடுக்கும் டெலிவரி சிலிப்பில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கணக்கை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. இன்னொரு தபால் திரும்பியிருந்தால், இன்னொரு குமாஸ்தா தலையாட்டியிருந்தால், அப்பாவின் 150 பங்குகளும் பீரோவிலேயே கிடந்து மக்கியிருக்கும்.

அப்பா 2021-இல் காலமானார். பங்கு வாங்கியவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் மூன்று கம்பெனிகளின் காகிதப் பத்திரங்கள் கரூர் வீட்டு பீரோவில் இருந்தன. இரண்டு பெரிய கம்பெனிகள். அவை சிரமமில்லாமல் என் டீமேட் கணக்குக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்குக்கு, வந்துவிட்டன, சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது ஒரு வெளிநாட்டுக் குழுமத்தின் இந்தியக் கிளை. பெயர் வேண்டாம்.

2023 ஜனவரியில்தான் அம்மா ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தார். "அப்பா பேருக்கு வந்த தபால்டா, பிரிக்க மனசு வரல." பிரித்தேன். அந்தக் கம்பெனி 2022 ஆகஸ்டிலேயே பங்குச்சந்தைப் பட்டியலை விட்டுத் தானாக விலகிவிட்டது. ப்ரோமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளித் தரப்பு) கைக்கு 90 சதவீதப் பங்கு சேர்ந்ததும் டீலிஸ்டிங், அதாவது பட்டியல் விலகல், நிறைவேறியிருக்கிறது. அந்தப் பங்குகளை அவர்கள் வாங்கிய ஏலத்தில் கொடுக்காமல் விட்டவர்கள் அதே விலைக்கு, பங்குக்கு 410 ரூபாய்க்கு, ஒரு வருடத்துக்குள் கொடுக்கலாம். நினைவூட்டி மூன்று கடிதம் வந்திருந்தது. மூன்றும் பையிலேயே இருந்தன. எனக்கு மிச்சம் இருந்தது ஏழு மாதம்.

ஏழு மாதம் தாராளம் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

உயிரோடு இருக்கும் பங்குதாரராக இருந்தால் விண்ணப்பத்தோடு பத்திரத்தை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கலாம். இறந்தவர் பெயரில் இருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அப்புறம் டீமேட், அப்புறம்தான் விற்பனை. நாமினி போட்டிருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். அப்பா 1996-இல் வாங்கிய பத்திரத்துக்கு நாமினியாவது ஒன்றாவது.

வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்தது. வாரிசு பெயருக்கு மாற்றக் கோரும் ஐஎஸ்ஆர்-5 படிவம், அதற்குத் துணையாக ஐஎஸ்ஆர்-1, ஐஎஸ்ஆர்-2 படிவங்கள், இறப்புச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை எல்லாம் சேர்த்துப் பிப்ரவரி நடுவில், கம்பெனியின் பங்குதாரர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பினேன். மார்ச் முதல் வாரம் திரும்பி வந்தது. காரணம், இனிஷியல். பத்திரத்தில் அப்பா பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. இறப்புச் சான்றிதழில் அந்த எழுத்து தாத்தாவின் முழுப் பெயராக விரிந்திருந்தது. அது போக, பெயரின் கடைசி எழுத்து ஒன்றில் 'ன்', மற்றொன்றில் 'ம்'. நம் ஊரில் இதெல்லாம் ஒரே ஆள் என்று டீக்கடைக்காரருக்கே தெரியும். ரிஜிஸ்ட்ராருக்குத் தெரியாது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினேன்.

இரண்டாவது தடவை திரும்பியது ஐஎஸ்ஆர்-2-க்காக. நம் கையெழுத்தை நம் வங்கி மேலாளர் சரிபார்த்து, பெயர், பணியாளர் எண், முத்திரை போட்டுத் தர வேண்டிய படிவம் அது. முதல் முறை கேட்டபோது மேலாளர், "எங்க பேங்க்ல இப்படி ஒரு ஃபார்மே கிடையாதே" என்றார். இது உங்கள் வங்கியின் படிவம் இல்லை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி வகுத்த படிவம் என்று விளக்கினேன். ஒரு வாரம் அலைய விட்டு முத்திரை வைத்தார், பணியாளர் எண்ணை எழுதவில்லை. நானும் கவனிக்கவில்லை. அந்த ஒரு எண்ணுக்காக மூன்று வாரம் போனது. இந்தப் படிவத்தை வாங்கியதும் மேலாளர் மேஜையை விட்டு எழாமல், அங்கேயே ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். அவர் முறைப்பார். முறைக்கட்டும்.

இதற்கிடையில் அண்ணனின் ஆட்சேபணையின்மைப் பத்திரம். அவர் தோஹாவில் இருக்கிறார். இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பச் சொன்னேன். "அறுபதாயிரத்துக்காடா இவ்வளவு அலைச்சல்? விட்டுத் தொலை" என்றார். 61,500 அண்ணா என்றேன். மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போய் வாங்கி அனுப்பினார், பாவம்.

மே மாதக் கடைசியில் ஒப்புதல் கடிதம் வந்தது. அப்போது பெயர் மாற்றினால் புதுப் பத்திரம் தருவதில்லை, ஒரு கடிதம்தான் தந்தார்கள். கடிதத் தேதியிலிருந்து 120 நாளுக்குள் அதைக் காட்டி டீமேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எனக்கு 120 நாள் ஒரு பொருட்டே இல்லை, அதற்கு முன்பே விற்பனைக் கெடு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது கரூர் வீட்டுக்கு! அப்போது அம்மா என்னோடு திருச்சியில். பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வைத்துவிட்டு, பதினைந்து நாள் கழித்து, "தம்பி, ஏதோ கவர் வந்திருக்கு" என்று போன் செய்தார். ஐஎஸ்ஆர்-1-இல் புது முகவரியை எழுதியிருந்தேன். அது பதிவாகவில்லை. ஏன் என்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு என் டீமேட் கணக்கு இருக்கும் தரகு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் கணினியில் கம்பெனி பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது டீலிஸ்ட் ஆன கம்பெனி. டீமேட் ஆகாது" என்று படிவத்தை என் பக்கமே தள்ளினான். விலை காட்டாததால் அவனுக்கு அந்தக் கம்பெனியே இல்லை. சந்தையில் வாங்கி விற்க முடியாது என்பது வேறு, டீமேட் செய்ய முடியாது என்பது வேறு. பட்டியலில் இல்லாத கம்பெனிப் பங்கையும் டீமேட்டில் வைக்கலாம். அதன் ஐசின் எண், அதாவது அந்தப் பங்கின் அடையாள எண், உயிரோடு இருந்தால் போதும். இதை அவனுக்குச் சொன்னேன், அவனுடைய மேலாளருக்கும் சொன்னேன். "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். ஆறு நாள் ஆயிற்று. கடைசியில் ரிஜிஸ்ட்ராரிடம் ஐசின் செயல்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வரி மின்னஞ்சல் கேட்டு வாங்கி, அச்சிட்டு எடுத்துப் போனேன். வாங்கிக்கொண்டார்கள். இந்த அலைச்சலில் நான் பெருமைப்படும் ஒரே இடம் அந்த ஒரு வரி.

ஜூலை 28 அன்று பங்குகள் கணக்கில் ஏறின. ஆகஸ்ட் 2-ஆம் தேதி, ப்ரோமோட்டருக்காகப் பங்குகளை வாங்கும் வேலையை நடத்திய மேலாளர் தந்திருந்த தனிக் கணக்குக்குச் சந்தைக்கு வெளியிலான மாற்றமாக சிலிப் எழுதிக் கொடுத்தேன். அதற்கும் ஒரு குழப்பம். நான் ஆன்லைனிலேயே வாங்கி விற்கிறவன், சிலிப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்துப் பல வருடம் ஆகிறது. முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் தப்பித்தேன். கெடு ஆகஸ்ட் 11. பணம் செப்டம்பரில் வந்தது.

வரி சமாசாரம் ஒன்று. பட்டியலில் இருந்த காலத்தில் சந்தை வழியாக விற்றிருந்தால், நீண்டகால லாபத்தில் அப்போது ஒரு லட்சம் வரை வரியே கிடையாது. டீலிஸ்டிங்குக்குப் பிறகு கொடுத்தால் பரிவர்த்தனை வரி கட்டாத விற்பனை ஆகிவிடும், அந்தச் சலுகை இல்லை. அன்றைய விதிப்படி இண்டெக்சேஷன் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் கணக்கிடுவது) போக 20 சதவீதம். மஞ்சள் பையை அம்மா ஒரு வருடம் முன்னால் கொடுத்திருந்தால் என்று யோசித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

விற்காமல் வைத்திருந்தால் கூடுதல் விலை கிடைத்திருக்காதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் கேட்பரி இந்தியாவைத்தான் சொல்வார்கள். 2002-இல் அதன் தாய்க் கம்பெனி பங்குக்கு 500 ரூபாய் தர முன்வந்தது. கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் 2,014.50 ரூபாயை உறுதி செய்தது. உண்மைதான். ஆனால் அது பன்னிரண்டு வருடக் காத்திருப்பு, நீதிமன்றம் வரை போன சண்டை. அந்தப் பக்கம் வீட்டுக் கடன் கம்பெனியான டிஎச்எஃப்எல்லையும் பார்க்க வேண்டும். திவால் தீர்வில் 2021 ஜூனில் பங்கு பட்டியலை விட்டுப் போனது. பங்குதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம். 150 பங்கை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டைக்குப் போவது?

அப்பாவுடைய கம்பெனி தானாக விலகியது. நான் வாங்கியது விலக்கப்பட்டது. 1995-இல் முதல் வேலை, முதல் போனஸ். புதுப் பங்கு வெளியீடுகள் வரிசையாக வந்த காலம். அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. சென்னையைச் சேர்ந்த ஒரு சிறிய உற்பத்திக் கம்பெனியில் 300 பங்குகள் வாங்கினேன். சென்னைப் பங்குச்சந்தையிலும் மும்பையிலும் பட்டியலிட்டிருந்தார்கள். இரண்டு வருடம் ஆண்டறிக்கை வந்தது, அப்புறம் நின்றது. அதுதான் முதல் மணி. நானோ தபால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டியல் கட்டணம் கட்டுவதில்லை, காலாண்டு முடிவுகளைத் தாக்கல் செய்வதில்லை. வர்த்தகம் நிறுத்தப்பட்டு வருடக்கணக்கில் கிடந்தது. 2018 ஜூலையில் மும்பை பங்குச்சந்தை ஒரே வீச்சில் 222 கம்பெனிகளை நீக்கியபோது அதில் ஒன்றாகப் போனது. சென்னைப் பங்குச்சந்தையோ 2015-லேயே கடையைக் கட்டிவிட்டது. இப்போதைய நடைமுறையில், தொடர்ந்து இரண்டு காலாண்டு முடிவுகள் வராவிட்டால் விதி மீறும் கம்பெனிகளுக்கான 'இசட்' பிரிவு, அப்புறம் வர்த்தக நிறுத்தம். அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு வாரத்தின் முதல் வர்த்தக நாளில் மட்டும் விற்க ஒரு சந்து விடுகிறார்கள். உங்கள் பங்கு 'இசட்' பிரிவுக்குப் போனால் விலை ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்தச் சந்திலாவது வெளியேறிவிடுங்கள். என் காலத்தில் எனக்கு அந்தச் சந்தும் வாய்க்கவில்லை.

கட்டாய நீக்கம் என்றால் சுயேச்சையான மதிப்பீட்டாளர் நியாய விலை வைக்க வேண்டும், அந்த விலைக்கு ப்ரோமோட்டர் பொதுப் பங்குகளை வாங்கிக்கொள்ள வேண்டும், பத்து வருடம் அவர் பங்குச்சந்தைப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று விதி இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. அதை நம்பிப் பதிவுத் தபால் அனுப்பினேன், திரும்பி வந்தது. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனேன். அந்த முகவரியில் ஒரு கூரியர் கிடங்கு. வாட்ச்மேன், "அந்தக் கம்பெனியா? நான் வந்து எட்டு வருஷம் ஆச்சு சார், அப்பவே இல்ல" என்றார். தண்ணீர் கொடுத்தார். போகும் முன் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயரைத் தேடியிருந்தால், பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்ட கம்பெனி என்று அன்றே தெரிந்திருக்கும். பேருந்துக் காசு மிச்சமாகியிருக்கும். செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுத்தேன். பட்டியலில் இல்லாத கம்பெனி மீதான புகார் இங்கே எடுத்துக்கொள்ளப்படாது என்று மூடிவிட்டார்கள்.

சரி, போனது போகட்டும் என்று விடவும் முடியவில்லை. பட்டியலில் இல்லாத கம்பெனியின் பங்கு கையில் இருந்தால், வருமான வரிக் கணக்குக்கு எளிமையான ஐடிஆர்-1 படிவம் போட முடியாது. ஐடிஆர்-2-இல் கம்பெனி பெயர், பான் எண், எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். மறைந்துபோன கம்பெனியின் பானுக்கு எங்கே போவது? அதற்கும் வருமான வரித் துறை வழி வைத்திருக்கிறது, பான் கிடைக்காத டீலிஸ்ட் கம்பெனிக்கு ஒரு பொது எண். 'என்' ஐந்து முறை, சுழி நான்கு, கடைசியில் மறுபடி 'என்'. ஆடிட்டர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவருடைய கட்டணத்தைக் கேட்டதும் நின்றது. இரண்டு வருடமாக நானே தாக்கல் செய்துகொள்கிறேன். அந்தக் கட்டம் வந்ததும் என், என், என், என், என் என்று தட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "அப்பா அப்பவே வேண்டாம்னாரு" என்பார்.