செலக்டிவ் பாடசாலையில் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு ஏடார் எப்படி வரும்?

ஏடார், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான ஆஸ்திரேலியத் தரவரிசை எண், வந்துவிட்டது. 97.40. மகள் படித்தது சிட்னியில் ஒரு செலக்டிவ் பாடசாலை, நுழைவுப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பாடசாலை. இனி யாரும் என்னிடம் "மகளுக்கு எத்தனையாம் ராங்க்?" என்று கேட்க மாட்டார்கள் என்பதுதான் முதலில் கிடைத்த நிம்மதி. மேஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போதுகூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இரசாயனவியலில் தொண்ணூறு தாண்டிய ராங்க் என்றதும் கேட்டவர் முகத்தில் ஓர் அனுதாபம் வரும். "பக்கத்துப் பாடசாலைக்கே அனுப்பியிருந்தால் முதலாம் ஆளாக வந்திருப்பாளே அக்கா" என்று சிலர் வாய்விட்டே சொன்னார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். எச்.எஸ்.சி. என்பது நியூ சவுத் வேல்ஸில் 12ஆம் வகுப்பை முடிக்கும் சான்றிதழ். அலகு என்பது ஒரு பாடத்தின் அளவு; ஏடாருக்குப் பத்து அலகுகள்தான் கூட்டப்படும்.

எச்.எஸ்.சி. புள்ளியில் பாதி ஒக்டோபர், நவம்பர் பரீட்சையிலிருந்து வருகிறது; மறுபாதி பாடசாலை மதிப்பீடு. பாடசாலை கொடுத்த புள்ளி அப்படியே போய்ச் சேர்வதில்லை என்பதில்தான் எங்கள் ஆட்கள் சறுக்குகிறார்கள். அந்தப் பாடசாலையில் அந்தப் பாடத்தை எடுத்த எல்லோரும் பொதுப் பரீட்சையில் பெற்ற புள்ளிகளைக் கொண்டு நெசா, அதாவது எச்.எஸ்.சி.யை நடத்தும் மாநில அரசுச் சபை, அதை மாற்றியமைக்கிறது. மதிப்பீட்டில் முதலாவதாக நின்றவருக்கு, அந்தக் குழுவில் பரீட்சையில் எடுக்கப்பட்ட மிக உயர்ந்த புள்ளி, அதை யார் எடுத்திருந்தாலும், மதிப்பீட்டுப் புள்ளியாகக் கிடைக்கும். மதிப்பீட்டுச் சராசரி பரீட்சைச் சராசரியோடு சமமாக்கப்படும். கடைசியாக நின்றவர் பரீட்சையின் மிகக் குறைந்த புள்ளிக்கு அருகில் வருவார். இடையில் நிற்போரின் வரிசை மாறாது.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். எதையும் எக்செல் தாளில் போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன். ஐந்து பிள்ளைகள் மட்டும் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலை கொடுத்த புள்ளிகள் 78, 74, 71, 66, 60. அதே ஐந்து பேரும் பொதுப் பரீட்சையில் எடுத்தவை 96, 93, 91, 88, 82. நான்காவதாக நிற்கும் 66 புள்ளிப் பிள்ளைக்கு மதிப்பீட்டுப் புள்ளியாகப் போவது ஏறத்தாழ 87. வீட்டில் 66 என்று அழுதது வீண். பரீட்சையில் தானும் நன்றாக எழுதினால் அதில் பாதி அவளுடைய சொந்தப் புள்ளி. அதை யாரும் தொட முடியாது.

இதில் ராங்கைவிடத் தூரம் முக்கியம். நான்காவது பிள்ளை 66-க்குப் பதில் 61 எடுத்திருந்தால் ராங்க் அதே நான்குதான். ஆனால் மாற்றியமைத்த புள்ளி கடைசிப் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் ராங்கையே பேசினார்கள், தூரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் எழுதும் பாடத்தில் இருபது பேர் ஒரே புள்ளி இடைவெளிக்குள் நெருங்கி நிற்பார்கள். அங்கே நாற்பதாவதும் அறுபதாவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் தலைமுறைக்குக் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாங்கள் யாழ்ப்பாணத்தில் எழுதிய உயர்தரப் பரீட்சையில் பாடசாலை மதிப்பீடு என்று எதுவும் கூட்டப்படவில்லை. எழுதியது பரீட்சை, கிடைத்தது பெறுபேறு. பிறகு மாவட்ட ஒதுக்கீடு குறுக்கே வரும்: பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். ஆகவே எங்கே பிறந்தாய், எங்கே இருந்து எழுதினாய் என்பதுதான் எங்கள் மனதில் பதிந்த கணக்கு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் நல்ல பாடசாலை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்ற நம்பிக்கையும் அங்கிருந்து வந்ததுதான். அதை அப்படியே சிட்னிக்குக் கொண்டுவந்து ஜேம்ஸ் ரூஸ், கிரவீன், போல்கம் ஹில்ஸ் என்று செலக்டிவ் பாடசாலைகளுக்குப் பொருத்திவிட்டோம்.

இங்கே பல்கலைக்கழகம் பாடசாலையின் பெயரைப் பார்ப்பதில்லை. ஏடாரைக் கணக்கிட்டு விண்ணப்பங்களைக் கையாளும் மையமான யூ.ஏ.சி. அனுப்பும் எண்ணைப் பார்க்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி குடும்பத்துக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். அங்கே பரிந்துரைக் கடிதம், கட்டுரை, எந்தப் பாடசாலையிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று வேறு உலகம். (பொஸ்டன், நியூயோர்க் நகரங்களின் நுழைவுப் பரீட்சைப் பாடசாலைகளைப் பற்றி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தாண்டியவர்களையும் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பாடசாலைகளால் பெறுபேறு பெரிதாக உயரவில்லை என்றது. தம்பிக்கு அனுப்பினேன். பதில் இல்லை.)

பத்திரிகையில் வரும் தரவரிசையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பாடசாலை வாரியாக ஏடார் வெளியிடப்படுவதில்லை. 90-உம் அதற்கு மேலும் எடுத்த பெறுபேறுகளின் வீதத்தை வைத்துத்தான் அந்தப் பட்டியல் தயாராகிறது. 1996 முதல் 2022 வரை ஜேம்ஸ் ரூஸ் முதலிடத்தில் இருந்தது. 2023-இல் நோர்த் சிட்னி போய்ஸ் அதை இறக்கியது. அன்று வட்ஸ்அப்பில் நடந்த துக்க விசாரிப்பைப் பார்த்தால் ஏதோ வீடு விழுந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அந்த மாற்றத்தால் ஜேம்ஸ் ரூஸில் படித்த ஒரு பிள்ளையின் ஏடாரும் 0.05 கூடக் குறையவில்லை.

சரி, நடுவில் நிற்கும் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? என் மகள் செய்ததில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். சொல்லிக் கொடுத்தாள். இரசாயனவியலில் அவளும் மூன்று தோழிகளும் பாடப் பகுதிகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி சமநிலை, ஒருத்தி சேதனம், இவளுக்கு அமிலமும் காரமும். வார இறுதியில் எங்கள் டூங்காபி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் படிப்பித்தார்கள். நான்கு பேரில் இருவர் ராங்கில் இவளுக்குக் கீழே. மற்ற அம்மாமார் சிலர் என்னிடம் இரகசியமாகச் சொன்னார்கள், கீழே இருப்பவருக்குக் குறிப்பு கொடுத்தால் அவர் மேலே போய்விடுவார் என்று.

இது தலைகீழான கணக்கு. மதிப்பீடுகள் முடிந்து வரிசை உறைந்த பிறகு, கீழே நிற்கும் பிள்ளை பரீட்சையில் நன்றாக எழுதினால் குழுவின் சராசரி ஏறும். அது இவளுடைய மதிப்பீட்டுப் புள்ளியையும் மேலே தூக்கும். நூற்றுச் சொச்சம் பேரில் இருவர் எவ்வளவு தூக்குவார்கள் என்று கேட்பீர்கள். மிகச் சிறிதுதான், எக்செல் அதையும் காட்டியது. ஆனால் பாடசாலை முழுவதும் குறிப்புகளை ஒளித்து வைத்தால் இழப்பு சிறிதாக இருக்காது. அதோடு, pH கணக்கை மூன்று பேருக்கு விளக்கியவளுக்கு ஒக்டோபரில் அது மறக்கவில்லை. அவளுடைய சொந்தப் பரீட்சைப் புள்ளி மதிப்பீட்டைவிட நன்றாக உயர்ந்த பாடம் அது ஒன்றுதான்.

ரியூஷன் பற்றிக் கசப்போடுதான் எழுதுகிறேன். நாங்கள் பத்தாம் வகுப்பில் அனுப்பிய இடத்தில் நவீன வரலாற்றை விட்டுவிட்டுப் பௌதிகவியல் எடுக்கச் சொன்னார்கள். காரணம் ஸ்கேலிங், அதாவது வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடுவதற்காக யூ.ஏ.சி. அவற்றை மாற்றியமைப்பது. சுவரில் ஒரு அட்டவணை ஒட்டி, எந்தப் பாடம் "ஏறும்", எது "இறங்கும்" என்று நிறம் அடித்திருந்தார்கள். யூ.ஏ.சி. ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கணக்கிடுகிறது. அந்தப் பாடத்தை எடுத்தவர்கள் மற்றப் பாடங்களில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதுதான் அதன் அடிப்படை. பலமான கூட்டம் உள்ள பாடத்தில் பலவீனமாக நின்றால் ஸ்கேலிங் கைகொடுக்காது. மகள் பௌதிகவியல் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். வரலாறு அவளுக்கு ஆங்கிலத்துக்கு அடுத்து அதிகப் புள்ளி கொடுத்த பாடம். அந்த நிலையத்தின் விளம்பரப் பலகையில் இந்த வருடம் 99-க்கு மேல் எடுத்தவர்களின் படங்கள் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் ஒரு தவணை மட்டும் அங்கே உட்கார்ந்தவர்கள் என்பதைப் பலகை சொல்லாது.

தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை மொழிப் பாடசாலையில் எச்.எஸ்.சி. தமிழ் எடுத்தாள். அங்கே அவளுடைய குழு வேறு: வெவ்வேறு பாடசாலைகளிலிருந்து வரும் பிள்ளைகள், சிறிய வகுப்பு. செலக்டிவ் கூட்டத்தின் பாரமும் இல்லை, தூக்கிவிடுதலும் இல்லை. சிறிய குழுவில் ஒருவரின் சரிவு எல்லோரையும் இழுக்கும் என்பதால், அந்த வகுப்பில் எல்லோரும் ஒழுங்காக வருகிறார்களா என்று நான் ஆசிரியரைவிட அதிகம் கவலைப்பட்டேன். கடைசியில் தமிழ் பத்து அலகுக்குள் வந்தது.

சுருக்கமாகச் சில:

- 12ஆம் வகுப்பில் ஒரு பாடத்துக்குப் பொதுவாக நான்கு மதிப்பீடுகள்தான், டிரையல் என்ற பாடசாலை முன்னோட்டப் பரீட்சையும் அதற்குள். முதலாவது நான்காம் தவணையிலேயே, அதாவது நீங்கள் இன்னும் 11ஆம் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்துவிடும்.
- காய்ச்சல் என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குங்கள். "எப்படியாவது எழுதிவிடு" என்று அனுப்பாதீர்கள். ஒரு மோசமான மதிப்பீடு கொண்டுவரும் தூரத்தைப் பிறகு அடைக்க முடியாது.
- ஆங்கிலம் இரண்டு அலகு கட்டாயம் கூட்டப்படும். செலக்டிவ் பையன்களின் ஏடாரைக் கெடுப்பது பெரும்பாலும் கணிதமல்ல.
- நெசாவின் பழைய வினாத்தாள்களும் புள்ளியிடும் வழிகாட்டிகளும் இலவசம். காசு கொடுத்து வாங்கும் கட்டுகளுக்கு முன் அவற்றை முடியுங்கள்.
- பின்தங்கிய பாடசாலைச் சூழலுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளிகள் செலக்டிவ் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இல்லை. வீட்டில் நோய், இழப்பு, பணக்கஷ்டம் இருந்தால் அதற்கு யூ.ஏ.சி.யில் தனி விண்ணப்பம் உண்டு. வெட்கப்பட்டு விடாதீர்கள்.

மருத்துவம் வேண்டுமென்றால் கதை வேறு. மருத்துவப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையான யூகேட் ஜூலை, ஓகஸ்டில், டிரையலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வரும். வருடத்துக்கு ஒரு தடவைதான் எழுதலாம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்குக் குறைந்தபட்ச ஏடார் 96 என்று பார்த்துவிட்டு "அவ்வளவுதானா" என்று எங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னார், யார் என்று எழுத மாட்டேன். அது வாசற்படி மட்டும். உள்ளே ஏடார், யூகேட், நேர்முகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மகளுக்கு யூகேட் கைகொடுக்கவில்லை, நேர்முக அழைப்பு வரவில்லை. செலக்டிவ் பாடசாலை அதில் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டிசம்பர் சுற்றில் சிட்னி பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம். அவளுடைய அப்பாவுக்கு இன்னும் ஒரு வாரம் தேவைப்படும்.

ஆறாம் வகுப்புப் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: அப்படியானால் செலக்டிவ் எதற்கு? ஏறத்தாழ 4,200 இடங்களுக்கு 17,000-க்கும் மேற்பட்டோர் போட்டியிடுகிறார்கள். 2025 மேயில் கணினியில் முதன்முதலாக நடந்தபோது பரீட்சை நிலையத்துக்குப் பொலிஸ் வரவேண்டியதாயிற்று. அவ்வளவு தள்ளுமுள்ளுக்கு அது ஏடார் இயந்திரம் அல்ல. புத்தகம் வாசிக்கும் பிள்ளையை யாரும் கேலி செய்யாத வகுப்பறை கிடைக்கும். என் மகளுக்கு அது தேவைப்பட்டது. எல்லாப் பாடத்திலும் முதலாவதாக நின்றே பழகிய, இரண்டாவதாக வந்தால் சாப்பாட்டை ஒதுக்கும் பிள்ளை என்றால் நான் அனுப்ப மாட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ரயில் பயணம் என்றாலும் அனுப்ப மாட்டேன். அந்தத் தூக்கத்தை எந்த ரியூஷனும் திருப்பித் தராது.

இந்த வருடம் எழுதிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஜனவரிச் சுற்றுக்கு விருப்பத் தெரிவுகளை இன்னும் மாற்றலாம். ஐந்து இடம் இருக்கிறது. ஏடாருக்கு ஏற்றபடி அடுக்காதீர்கள். உண்மையில் படிக்க விரும்புவதை முதலில் போடுங்கள், கிடைக்காவிட்டால் யூ.ஏ.சி. தானாகவே அடுத்ததைப் பார்க்கும். அடுத்த வருடம் எழுதுவோர், கடைசிப் பரீட்சை முடிந்ததும் இணையத்தில் வரும் மதிப்பீட்டு ராங்கைத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிவைத்ததோடு ஒத்துவராவிட்டால் மீள்பரிசீலனை கேட்கச் சில நாட்கள்தான் தருவார்கள்.